தோப்பில் புல் வெட்ட ‘ஜீரோ டர்ன்’ வண்டி வாங்கலாமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மா, தென்னை விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ராஜபாளையம், சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பகுதிகளில் மாவும் தென்னையும் முக்கியமான தோட்டப் பயிர்கள். இந்தத் தோப்புகளில் களை எடுக்க ஆள் கிடைப்பதுதான் இன்று பெரிய சிரமம். நூற்பாலைகளும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளும் ஆண்டு முழுவதும் நிழலில் வேலை கொடுக்கும்போது, வெயிலில் அரிவாள் பிடிக்க யாரும் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் ‘ஜீரோ டர்ன்’ வண்டியின் வீடியோவைக் காட்டி, “இதை வாங்கலாமா?” என்று கேட்கும் விவசாயிகள் அதிகமாகி வருகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி வந்து தோப்பைக் கவனிப்பவர்கள் இந்த வண்டியை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

உழுவதை விட்டுப் புல்லை வெட்டலாம் என்ற எண்ணம் சரியானது. அதற்கு இந்த வண்டிதான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பல லட்சம் ரூபாய் வீணாகப் போய்விடலாம்.

உழவா, வெட்டா?

மழை முடிந்ததும் ரோட்டாவேட்டர் விட்டுத் தோப்பைச் சுத்தமாக வைப்பது நம் பகுதியில் பழகிப்போன முறை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தென்னையில் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கிறது. மாவிலும் சத்து உறிஞ்சும் சல்லி வேர்கள் மேல்மண்ணில் நிறைய உண்டு. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ரோட்டாவேட்டர் விட்டால் அந்த வேர்கள் அறுபடும். கத்தி சுழலும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி, மழைத் தண்ணீர் இறங்காமல் ஓடும். அய்யனார் கோவில், செண்பகத்தோப்புப் பக்கம் உள்ள சரிவு நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை ஒரே இரவில் கொட்டும். உழுது பொடியாக்கிய மண் அந்தத் தண்ணீரோடு ஓடைக்குப் போய்விடும். புல் வேர் பிடித்திருக்கும் நிலத்தில் அது நடக்காது.

வெட்டிய புல்லை அப்படியே பரப்பி விட்டால் பங்குனி, சித்திரையில் ஈரம் காக்கும் மூடாக்கு ஆகும். எனவே மர ஊட்டில் புல்லை வெட்டி மட்டம் போட்டு, மரத்தடி வட்டத்தை மட்டும் கையால் சுத்தமாக வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். இதற்கு விதிவிலக்காக ஓர் இடத்தில் உழவு அவசியம். காட்டை ஒட்டிய தோப்புகளில் மாசி முதல் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எல்லை ஓரம் 3 மீட்டர் அகலத்துக்கு உழுது புல் இல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை முறை வெட்ட வேண்டும்?

எந்த இயந்திரம் வாங்குவதென்றாலும் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். நம் பகுதி மாந்தோப்பில் நான்கு வெட்டு போதும்.

முதல் வெட்டு அக்டோபர் மழை தொடங்கிப் புல் முழங்கால் உயரம் வந்ததும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன்பு இதை முடித்துவிட வேண்டும். பூத்த பிறகு வெட்டினால் விதையை நாமே தோப்பு முழுவதும் தூவியது போல் ஆகும். வெட்டிய பார்த்தீனியம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், அடர்த்தியாக உள்ள இடங்களில் ஈரம் இருக்கும்போதே கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது நல்லது. இரண்டாவது வெட்டு டிசம்பர் கடைசியில், பூ வருவதற்கு முன்பு. மூன்றாவது வெட்டு அறுவடைக்கு முன்பு, மார்ச் கடைசியில். இதைச் சிலர் தவிர்க்கிறார்கள், தவிர்க்கக் கூடாது. பழ ஈ தாக்கி விழுந்த காய்கள் உயரமான புல்லுக்குள் மறைந்துவிட்டால் பொறுக்கி அழிக்க முடியாது. அந்த ஈக்கள் மண்ணில் கூட்டுப்புழுவாகி மரத்திலுள்ள பழத்துக்கே திரும்ப வரும். சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற நம் ஊர் ரகங்களுக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் இந்த இழப்பு வேண்டாம். நான்காவது வெட்டு அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது, ஜூலை, ஆகஸ்டில்.

தென்னையில் பாசனம் தொடர்ந்து இருப்பதால் ஒன்றிரண்டு வெட்டு கூடலாம். ஊட்டில் சணப்பை அல்லது தட்டைப்பயறு விதைத்திருந்தால் களையும் குறையும், வெட்டும் குறையும். தானாக முளைத்த கொழிஞ்சியைக் களை என்று நினைத்து அழிக்காதீர்கள். அது நல்ல பசுந்தாள் உரம். கோரையைப் பொறுத்தவரை எந்த வெட்டும் இயந்திரமும் அதை ஒழிக்காது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

இது என்ன வண்டி?

1960களில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உருவான வடிவமைப்பு இது. ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் இருக்கும். இரண்டு கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளி ஓட்ட வேண்டும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றும். முன் சக்கரங்கள் ஆஸ்பத்திரி தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தானாகத் திரும்புபவை. நடுவில் தட்டு போன்ற ஒரு மூடிக்குள் இரண்டு அல்லது மூன்று கத்திகள் சுழலும். வெட்டும் அகலம் பெரும்பாலும் மூன்றரை அடி முதல் 5 அடி வரை இருக்கும்.

இது புல்தரைக்காகச் செய்யப்பட்டது. பூச்செடிகள், மரங்கள், கம்பங்கள் என்று இடைஞ்சல் நிறைந்த சமமான புல்தரையில், வாரம் ஒரு முறை இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்த புல்லை வேகமாக வெட்டுவதில் இதற்கு இணை இல்லை. அமெரிக்காவிலேயே பழத்தோட்டங்களில் பொதுவாக ஓடுவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல்வெட்டிகள்தான்.

நம் தோப்பில் என்ன ஆகும்?

வெட்டும் தட்டை அதிகபட்சம் நான்கைந்து அங்குலம்தான் உயர்த்த முடியும். இரண்டடி, மூன்றடி வளர்ந்த ஈரப்புல்லுக்குள் விட்டால் தட்டு அடைத்துக்கொள்ளும், பெல்ட் சூடாகும். வாரம் ஒரு முறை வெட்டினால் அடைக்காது, ஆனால் நமக்குத் தேவை ஆண்டுக்கு நான்கு வெட்டு.

மலையடிவாரச் செம்மண்ணில் சரளையும் உருட்டுக் கல்லும் அதிகம். கத்தி முனையின் வேகம் நொடிக்கு 80 மீட்டரைத் தாண்டக்கூடியது. அதில் ஒரு கல் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டுப்பன்றி கிளறிய குழிகளில் சிறிய முன் சக்கரம் இறங்கிவிடும். தென்னந்தோப்பில் வட்டப்பாத்தி வரப்பு, வாய்க்கால், கீழே கிடக்கும் மட்டை, பாளை, தரையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய் எல்லாமே இந்த வண்டிக்கு இடைஞ்சல். கிழக்கே கரிசல் கலந்த நிலங்களில் இன்னொரு சிக்கல். புல் அதிகமாக வளரும் நவம்பரில்தான் நிலம் சேறாக இருக்கும், வண்டி இறங்காது. மாவில் வேறு மாதிரி. பழைய மரங்களின் கிளைகள் மூன்றடி உயரத்துக்குத் தொங்கும். ஓட்டுபவரின் தலையும் முகமும் கிளையில் அடிபடும்.

சரி, இந்த வண்டியின் சிறப்பே நின்ற இடத்தில் திரும்புவதுதானே, அதனால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். 10 ஏக்கர் மாந்தோப்பு, ஏறக்குறைய 200 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். நான்கடி தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படிவது போக 1 மீட்டர் அகலம் வெட்டும் என்றால், 200 முறை போய் வர வேண்டும். மொத்தம் 40 கிலோமீட்டர். புல்தரையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி, மேடு பள்ளமான தோப்பில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஓட்டுபவரின் முதுகு தாங்காது. ஆக ஓட்டம் மட்டும் 8 மணி நேரம், தடங்கல்களோடு 10 மணி நேரம். இதில் 200 திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் 10 நொடி மிச்சமானால் மொத்தம் 33 நிமிடம். பத்து மணி நேர வேலையில் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கத்தான் அந்த இரட்டை ஹைட்ராலிக் அமைப்புக்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

பணக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்படும் விலையையும் உங்கள் ஊர் வாடகையையும் போட்டுப் பாருங்கள்.

வண்டி விலை ரூ.5 லட்சம், ஆயுள் 10 ஆண்டு, கடைசியில் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ.45,000. முதலீட்டின் சராசரியான ரூ.2.75 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி ரூ.27,500. கொட்டகை, காப்பீடு போன்றவை 2 சதவீதம், ரூ.10,000. ஆக, வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்தாலே ஆண்டுக்கு ரூ.82,500 செலவு. கையில் இருந்த பணத்தில் வாங்கினேன், எனக்கு வட்டி கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பணம் வங்கியில் இருந்தால் வட்டி வந்திருக்கும் அல்லவா?

ஓட்டும் செலவு மணிக்குப் பெட்ரோல் ரூ.350, கத்தி, பெல்ட், எண்ணெய், பழுது ரூ.150, ஓட்டுநர் கூலி ரூ.150. மொத்தம் ரூ.650. மணிக்கு ஒரு ஏக்கர், 10 ஏக்கர், நான்கு வெட்டு என்றால் ஆண்டுக்கு 40 மணி நேரம். ரூ.82,500-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.2,060-க்கு மேல். இரண்டையும் கூட்டினால் ஏக்கருக்கு ஒரு வெட்டு ஏறத்தாழ ரூ.2,700.

அதே ஏக்கரை டிராக்டரில் மாட்டிய புல்வெட்டியால் வாடகைக்கு வெட்ட மணிக்கு ரூ.1,200 என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் முடியும். பிரஷ் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டால், முழங்கால் உயரப் புல்லில் ஏக்கருக்கு ஒன்றரை நாள், நாளுக்கு ரூ.1,200 வீதம் ரூ.1,800.

சொந்த வண்டி வாடகை டிராக்டருக்குச் சமமாக வேண்டுமானால், ரூ.82,500-ஐ ரூ.550-ஆல் (1,200 கழித்தல் 650) வகுக்க வேண்டும். 150 மணி நேரம் வருகிறது. நான்கு வெட்டு என்றால் 37 ஏக்கருக்கு மேல், சமமான, கல் இல்லாத தோப்பு இருக்க வேண்டும். நம் பகுதியில் அப்படிப்பட்ட தோப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது? பக்கத்துத் தோப்புகளுக்கு வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்று நினைத்தால், போட்டி அந்த ரூ.1,200 டிராக்டரோடுதான்.

கிணறு இருக்கும் தோப்பில் கவனம்

ஜீரோ டர்ன் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்களின் பிடிப்பைப் பொறுத்தது. ஈரப்புல்லில் அவை வழுக்கினால் ஒரே நேரத்தில் இரண்டும் போய்விடும். முன் சக்கரங்கள் எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பொதுவாக 15 டிகிரிக்கு மேல் சரிவுள்ள இடத்தில் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பள்ளம், கரை விளிம்பு அருகே போகக் கூடாது என்பதும் அவர்கள் கையேட்டில் இருக்கும்.

நம் தோப்புகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் நிறைய. கிணற்று மேட்டைச் சுற்றித்தான் புல்லும் செழிப்பாக வளரும். அங்கே சவாரி வண்டி எதையும் கொண்டு போகாதீர்கள், அது ஜீரோ டர்ன் ஆனாலும் மினி டிராக்டர் ஆனாலும். கிணற்றைச் சுற்றி 5 மீட்டருக்கு நடந்து வெட்டும் கருவிதான். யாரிடமாவது வண்டி ஏற்கெனவே இருந்தால், முதல் வேலையாகக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு இல்லாத வண்டியைச் சரிவில் ஓட்டவே வேண்டாம். வளைவு இருந்தால் இருக்கைப் பட்டையும் கட்டாயம் போட வேண்டும். பட்டை போடாமல் இருந்தால் அந்த வளைவே ஆளை நசுக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

5 ஏக்கருக்குள் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நல்ல பிரஷ் கட்டர் ஒன்று போதும். மெல்லிய புல்லுக்கு நைலான் கயிறு, தடித்த செடிக்கு மூன்று பல் கத்தி. கண்ணாடியும் கால் உறையும் இல்லாமல் ஓட்டக் கூடாது. உயரமான புல்லுக்குள் கண்ணாடி விரியன் இருக்கலாம், எனவே முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும். இளம் மா, தென்னங்கன்றுகளைச் சுற்றி ஓரடிக்குள் நைலான் கயிறு படவே கூடாது. பட்டையைச் சுற்றி ஒரு முறை அடித்தாலே கன்று காய்ந்துவிடும். ஆள் கூலி மிச்சம் பிடித்த கணக்கில் பத்து கன்று போனால் லாபம் எங்கே?

வயதாகிவிட்டது, பிரஷ் கட்டரைத் தோளில் தூக்க முடியவில்லை என்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சக்கரம் தானாக ஓடும், பின்னால் நடந்து போகும் உயரப்புல் வெட்டிகள் இருக்கின்றன. சுமை இல்லை, சரளையிலும் ஓரளவு ஓடும், ஜீரோ டர்ன் விலையில் சிறு பங்குதான்.

10 ஏக்கருக்கு மேல் இருந்து, ரூ.4 லட்சம், ரூ.5 லட்சம் போடும் சக்தியும் இருந்தால், மினி டிராக்டரோடு ஒரு புல்வெட்டியை எண்ணிப் பாருங்கள். மினி டிராக்டர் ஜீரோ டர்னைவிட நன்றாகப் புல் வெட்டும் என்பதற்காக அல்ல. அது புல் வெட்டாத நாட்களிலும் ஓடும். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிக்க, தொழு உரம் இழுக்க, பழக் கூடைகளைச் சாலைக்குக் கொண்டு வர, எல்லையில் தீத்தடுப்பு உழவு போட என்று ஆண்டுக்கு 200, 250 மணி நேரம் வேலை இருக்கும். நிலையான செலவு அத்தனை மணி நேரத்துக்கும் பங்காகும். கவாத்து செய்த விரல் தடிமன் குச்சிகளைப் பொடியாக்கும் புல்வெட்டியும் டிராக்டருக்குக் கிடைக்கிறது. ஜீரோ டர்ன் கத்தியில் அந்தக் குச்சிகளைக் கொடுக்க முடியாது.

இன்னொரு பழைய வழியையும் மறந்துவிட வேண்டாம். தென் மாவட்டங்களில் செம்மறியாட்டுக் கிடை போடுவது வழக்கம்தான். காய்ப்புக்கு வந்த, உயரமான தோப்பில் கோடைக்கு முன் சில நாள் கிடை போட்டால் புல்லும் குறையும், எருவும் சேரும். வெள்ளாடு வேண்டாம், அது தலை தூக்கி மாந்துளிரைத்தான் தேடும். பூச்சிமருந்து தெளித்திருந்தால் காத்திருப்புக் காலம் முடியாமல் எந்த ஆட்டையும் விடக் கூடாது.

யாருக்கு ஜீரோ டர்ன் ஏற்றது? கல்லூரி மைதானம், ஆலை வளாகம், மலையடிவாரத்தில் புல்தரை வைத்து நடத்தும் தங்கும் விடுதி இவற்றுக்கு ஏற்றது. தோப்பில் என்றால், கிளைகளை உயர்த்திக் கவாத்து செய்து, சொட்டுநீர்க் குழாயைப் புதைத்து, கல் பொறுக்கி மட்டம் செய்த பெரிய அடர்நடவுத் தோப்பாக இருக்க வேண்டும். வெட்டும் இருபது நாளுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும்.

மானியம், பழுதுபார்ப்பு

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம், வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. இது பட்டியலில் உள்ள இயந்திரங்களுக்கும் மாடல்களுக்கும் மட்டுமே. “மானியம் வரும் சார்” என்று விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்பாமல், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் மாடல் பெயரைக் காட்டிக் கேளுங்கள். உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. துறையின் வாடகை இயந்திரங்களையும் அதே செயலியில் பதிவு செய்யலாம்.

நம் பகுதி மெக்கானிக்குகள் டிராக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். ஜீரோ டர்ன் வண்டியின் ஹைட்ராலிக் பம்பு அவர்களுக்குப் புதிது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, பெல்ட், கத்தி, ஹைட்ராலிக் பாகம் எந்த ஊரில் இருப்பில் இருக்கிறது, எத்தனை நாளில் வரும் என்பதுதான். பூ வரும் முன் பத்து நாள் வண்டி நின்றுவிட்டால், எப்படியும் பிரஷ் கட்டர் ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். நெருஞ்சி முள் உள்ள தோப்பாக இருந்தால் டயருக்குள் ஊற்றும் அடைப்பான் திரவத்தையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

செயல்விளக்கம் கேட்காமல் எந்த வண்டிக்கும் பணம் கொடுக்க வேண்டாம். கடை முன்னால் உள்ள புல்தரையில் காட்டும் செயல்விளக்கம் எதற்கும் உதவாது. நவம்பரில், முதல் வெட்டுக்கு முன், உங்கள் தோப்பிலேயே, முழங்கால் உயர ஈரப்புல்லில் அரை ஏக்கர் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஊற்றிய பெட்ரோல், எத்தனை முறை தட்டு அடைத்து நின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மேலே உள்ள கணக்கில் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.